குருவானவர் இல்லாத 29 ஆண்டுகள்



பல்கலைக்கழகம் சென்றதும் பிள்ளைகள் ஆலயத்தை மறந்துவிடுகிறார்களே என்று யூனியன்வில் பெற்றோர் பலர் என்னிடம் வருந்துகின்றனர். அவர்களுக்கு நம் முன்னோரை நினைவூட்ட விரும்புகிறேன்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் அங்கு வந்தார். செபமாலையைக் கழுத்திலணிந்து வீடுவீடாக இரந்து சென்ற அவரை, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர் இனங்கண்டனர். சில்லாலை ஊர் அவருக்கு அடைக்கலம் தந்தது.

சற்றே எண்ணிப் பாருங்கள். 1658இல் பிறந்த குழந்தை, 1687இல் தானே தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். அந்தத் தலைமுறைக்குச் செபமாலை இன்னதென்று சொல்லிக்கொடுத்தவர் யார்? பெற்றோரும் பாட்டன் பாட்டியருமே. அதுவும் அடைத்த கதவுக்குப் பின்னால், தாழ்ந்த குரலில்.

இங்கே நமக்குத் தடையேதுமில்லை. ஆலயம் உண்டு, குருவானவர் உண்டு, மறைக்கல்வியும் உண்டு. ஆயினும் வாரத்தில் ஒருமுறை நடக்கும் வகுப்பு, வீட்டின் மாலைச் செபத்துக்கு ஈடாகாது. பிள்ளைக்குத் தமிழ் தடுமாறினால் ஆங்கிலத்திலேயே செபிக்கட்டும். ஆனால் தன் பெற்றோர் முழந்தாளிட்டுச் செபிப்பதைக் கண்ணாரக் காணட்டும்.

இன்றிரவு கைத்தொலைபேசிகளை ஒதுக்கிவைத்து, குடும்பமாகச் செபமாலையின் ஒரு தேவஇரகசியத்தையேனும் சொல்லுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.