கொல்லைச் சோளம் சொன்ன புத்தி

நான் பயந்தாங்கொள்ளி, சகோதரிகளே! மகள் பத்து நிமிஷம் தாமதித்தால் போதும், வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடையாய் நடப்பேன். அவள் அப்பா காலமானதிலிருந்து இப்படித்தான். தினமும் பஸ்ஸில் போய் வந்து தாவரவியல் படித்தவள், கோயமுத்தூருக்குப் போய் மேலே படிக்கிறேன் என்றாள். "நெமிலியை விட்டு ஓர் அடி நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை.

நாலாம் நாள், அக்கினி நட்சத்திர வெயில். கொல்லையில் நான் போட்டிருந்த மக்காச்சோளத்தின் இலைகளெல்லாம் குழல்போல் சுருண்டு நின்றன.

"போச்சு! பிடுங்கி எறிய வேண்டியதுதான்" என்றேன்.

"அவசரப்படாதேம்மா. தண்ணீர் ஆவியாய்ப் போகாமல் காத்துக்கொள்கிறது" என்றாள்.

சமையல் புத்தகத்தில் நூறு பலகாரம் இருக்கலாம். இன்றைக்கு எது என்று யாராவது சொல்ல வேண்டுமல்லவா? செடியின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா ஜீன்களும் இருந்தாலும், எது எப்போது வேலை செய்வதென்று உத்தரவிடுபவை சில புரதங்களாம். படியெடுத்தல் காரணிகள் என்று பெயர்.

"மாமியார் என்று சொல்லேன்!" என்றேன். சிரித்துவிட்டாள்.

மெக்ஸிகோவில் புதராய்க் கிளைத்துக் கிடந்த காட்டுப்புல்தான் சோளத்தின் மூதாதை. அதை ஒற்றைத் தண்டாய் நிமிர்த்தியதில் அப்படி ஒரு மாமியாருக்குப் பெரும் பங்கு உண்டு. வறட்சி வந்தால் விழித்துக்கொள்வது வேறொருத்தி, பெயர் ட்ரெப்-2ஏ. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோளத்தின் அந்தக் காரணியைக் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் எந்நேரமும் விழித்திருக்கும்படி வைத்துப் பார்த்து 2007-ல் எழுதினார்கள். செடி வறட்சியைத் தாங்கியது. ஆனால் குள்ளமாகவே நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 1999-ல், அதே குடும்பத்து இன்னொரு காரணியை, ஆபத்து வந்தால் மட்டும் விழிக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தச் செடி வறட்சியையும் தாங்கியது, நன்றாகவும் வளர்ந்தது.

"எந்நேரமும் காவலிலேயே இருந்தால் வளர முடியாதும்மா" என்றாள். செடியைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். விடிந்து பார்த்தால், இலைகள் விரிந்து பச்சென்று நின்றன. பேசாமல் உள்ளே போய், பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

பயம் போய்விட்டதா என்கிறீர்களா? அது எங்கே போகும்! தூங்க வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மகளிடமிருந்து போன் வராவிட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.