முழுப் பலகை

என் கையில் அரிவாள்மனையைக் கொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. மீன் ஆயவும் பூசணிக்காயைப் பிளக்கவும் சொன்னார்கள், யாரும் பயப்படவில்லை. நாற்பத்தோரு வயதில் நான் உளியை எடுத்தபோது மட்டும் "கையைக் கிழிச்சுக்கப் போறே" என்று வீடே பதறியது. இரண்டுமே கூரானவைதான். ஆனால் அரிவாள்மனையால் செய்வதற்குப் பெயர் கடமை, உளியால் செய்வதற்குப் பெயர் தொழில். தொழில் என்றால் கூலி கேட்கலாம்.

வீட்டுக் கதவு, ஜன்னல்களை மாற்றிய தச்சர் ஒரு சாக்கு நிறையத் துண்டுக்கட்டைகளை விட்டுப் போயிருந்தார். எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போக வேண்டியவை. அவற்றை நிறம் பார்த்துப் பிரித்தேன்: தேன் நிறத்தில் தேக்கு, மஞ்சளாய்ப் பலா, செம்பழுப்பில் வேம்பு. ஆணிகளைப் பிடுங்கி, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று தேய்த்தேன். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தால் கீறல் தெரியாது. முகக்கவசம் கட்டாயம் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்டிருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட்டின் மேல் மேடும் பள்ளமுமாகத் துண்டுகளை அடுக்கி ஒட்டினேன். அம்மிக்குழவியையும் இரண்டு செங்கல்லையும் பாரமாக வைத்து ஒரு ராத்திரி விட்டேன். வார்னிஷ் பூசியதும் ரேகைகள் எழுந்து வந்தன. கூடத்துச் சுவரில் மாட்டினேன்.

வந்தவர்கள், "உங்க வீட்டுக்காரர் செஞ்சதா?" என்றார்கள். இல்லை என்றதும், "நல்லாப் பொழுது போகுது போல" என்றார்கள். "மீந்ததைக்கூட வீணாக்கல பாரு, பொறுப்பான பொண்ணு" என்று ஒரு பெரியம்மா பாராட்டினார். எனக்கு உறுத்தியது அந்தப் பாராட்டுதான்.

மீந்ததைக் கையாள நமக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீந்த சோற்றை வடகமாக்குகிறோம். கிழிந்த சேலையைத் தூளியாக்குகிறோம். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் ஒட்டியிருப்பதை நம் பங்காக்குகிறோம். மிச்சத்தில் அழகு செய்தால் உலகம் நம்மை மெச்சுகிறது. முழுசாக ஒன்றைக் கேட்டால் முகம் மாறுகிறது.

லூயிஸ் நெவல்சன் என்ற அமெரிக்கச் சிற்பி 1899-இல் உக்ரைனில் பிறந்தவர். நியூயார்க் தெருக்களில் எறியப்பட்ட நாற்காலிக் கால்களையும் உடைந்த சட்டங்களையும் பொறுக்கி வந்து, பெட்டிகளுக்குள் அடுக்கி, எல்லாவற்றுக்கும் கறுப்பு பூசிச் சுவர் சுவராக நிறுத்தினார். 1958-இல் அவர் செய்த 'வானப் பேராலயம்' 11 அடிக்கும் மேல் உயரம். இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் செய்தபோது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. குப்பையில் கிடந்த மரம்தான். ஆனால் அந்த வேலைக்கு விலையும் அவருடைய பெயரும் இருந்தன.

பெரியம்மா மகள் தன் புது வீட்டுக்கு ஒன்று கேட்டாள். "வீண் கட்டைதானே, சும்மா செஞ்சு குடேன்டி." மரம் சும்மா வந்தது உண்மைதான். என் பதினாறு மணி நேரம் சும்மா வரவில்லை. எங்கள் ஊரில் தச்சருக்குத் தரும் இரண்டு நாள் கூலி, பிளைவுட், பசை, வார்னிஷ் எல்லாவற்றையும் எழுதி நீட்டினேன். "சொந்தக்காரங்ககிட்டயா?" என்றாள். "தச்சர் சொந்தக்காரரா இருந்தா கூலி குடுக்க மாட்டியாக்கா?" என்றேன். இரண்டு வாரம் அவள் பேசவில்லை. பிறகு முன்பணத்தோடு வந்து, நாலடி நீளத்தில் வேண்டும் என்றாள். அலங்காரத்துக்குக் கீழே சாமான் வைக்க ஒரு தட்டும் கேட்டாள்.

நாலடித் தட்டுக்குத் துண்டுக்கட்டை போதாது. மரக்கடைக்குப் போய்த் தேக்கைப் புரட்டிப் பார்த்து, கன அடி என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மேஸ்திரி வரலையாம்மா?" என்றார்.

"நான்தான்" என்றேன். ரசீதையும் என் பெயரிலேயே எழுதச் சொன்னேன்.