உயரத்தைக் கண்டவர், உழைப்பைக் காணாதவர்

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் விழா முடிந்து சில மாதங்களின் பின், எமது பாடசாலை ஆசிரியர் அறைக்கு ஒரு படச் சஞ்சிகை வந்து சேர்ந்தது. அதில் ஒரு படம். ஏழடி உயரமான பெண்ணொருவர், தம் தோளுக்கும் எட்டாத எதிரணிப் பெண்களின் நடுவே, பந்தைத் தலைக்குமேல் ஏந்தி நிற்கிறார். மாங்காய் பறிக்க இவருக்குக் கொக்கைத்தடி வேண்டாம் என்று ஒருவர் விட்ட பகிடிக்கு அறை முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

அவர் பெயர் உல்யானா செமியோனோவா. 1952இற் பிறந்து, லற்வியாவின் தென்கிழக்குக் கிராமப்புறத்தில் வளர்ந்தவர். பள்ளிச் சிறுமியாக இருக்கும்போதே அவருடைய உயரத்தைக் கேள்வியுற்ற பயிற்சியாளர்கள் அவரைத் தலைநகராகிய றீகாவுக்கு அழைத்துச் சென்றனர். அங்கு அவர் சேர்ந்த கூடைப்பந்தாட்டக் கழகத்தின் பெயர் டிடிடி. ட்ராம், ட்ரொலி பஸ் போக்குவரத்து நிறுவனம் என்னும் லற்விய மொழிப் பெயரின் முதலெழுத்துக்களே அவை. போக்குவரத்துத் தொழிலாளரின் பெயரைத் தாங்கிய அக்கழகம், ஐரோப்பியச் சாம்பியன் கிண்ணத்தை மொத்தம் 18 முறை வென்றது. செமியோனோவா அங்கு விளையாடிய காலம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

1968இல், பதினாறாவது வயதில், அவர் சோவியத் தேசிய அணியிற் சேர்ந்து ஐரோப்பியப் பட்டம் பெற்றார். 1985 வரை அத்தகைய பட்டங்கள் பத்து. 1971, 1975, 1983 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம். மகளிர் கூடைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்ற 1976இலும், மறுமுறை 1980இலும் தங்கப் பதக்கம். தேசிய அணிக்காக அவர் ஆடிய உத்தியோகபூர்வமான சர்வதேசப் போட்டி ஒன்றிலேனும் அவ்வணி தோற்றதில்லை.

இவற்றையெல்லாம் நாம் பின்னர் படித்தறிந்தோம். வகுப்பில் உயரத்தால் கூனிக்குறுகி, கடைசி வாங்கிலே ஒடுங்கியிருந்த மாணவி ஒருத்திக்கு ஊக்கமூட்டும் பொருட்டு, ஒரு நாள் இக்கதையைச் சொன்னோம். பதக்கங்களை எண்ணியெண்ணிச் சொன்னோம். அவளுடைய தாயார் வெங்காயத் தோட்டத்திற் கூலி வேலை செய்பவர். கதை முழுவதையும் கேட்ட பின் அவள் கேட்டது ஒன்றே:

"சேர், அவவுக்கு இதுக்கு எவ்வளவு சம்பளம் குடுத்தவை?"

நம்மிடம் விடை இருக்கவில்லை. அதைவிட வெட்கம் தந்தது, அப்படியொரு கேள்வி நம் மனத்தில் எழாததே. உயரம் இயற்கை தந்த கொடை. கொடைக்கு ஏது கூலி என்று நாமும் எண்ணியிருந்தோம் போலும்!

விடை தேடியபோது கண்டது இது. அக்கால ஒலிம்பிக் விதிகளின்படி, விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோருக்கு அனுமதியில்லை. சோவியத் வீரர்கள் மாணவர் என்றும் படையினர் என்றும் தொழிலாளர் என்றும் பதியப்பட்டனர். நாள் முழுவதும் அவர்கள் செய்த பயிற்சியோ வேலையாகக் கணிக்கப்படவில்லை. சியோல் நகரில் நடந்த 1979ஆம் ஆண்டின் உலகப் போட்டிக்கும், 1984ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கும் சோவியத் அணி செல்லவில்லை. அம்முடிவுகளை எடுத்தவர்கள் ஆடுகளத்தில் வியர்வை சிந்தியவர்கள் அல்லர். சோவியத் மண்ணை நேசித்தவர்கள் என்பதற்காக நாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

முதலாளித்துவ உலகம் மட்டும் வள்ளன்மை காட்டியதா? மொன்றியலில் 112-77 என்ற கணக்கிற் தோற்ற அமெரிக்கப் பெண்கள் நாடு திரும்பியபோது, அவர்கள் கூலி பெற்று ஆடுவதற்கு அங்கே ஒரு தொழில்முறைத் தொடர்கூட இருக்கவில்லை. 1978இல் தொடங்கிய ஒன்று 1981இல் மூடப்பட்டது. நிலைத்து நின்ற ஒன்று 1997இலேயே பிறந்தது. வென்றவளுக்கும் தோற்றவளுக்கும் உழைப்பின் விலை கிட்டவில்லை.

1987இல், முப்பத்தைந்து வயதை எட்டிய பின்னரே, செமியோனோவா ஸ்பெயின் நாட்டுக் கழகமொன்றில் ஊதியத்துக்கு ஆடச் சென்றார், அடுத்து பிரான்ஸ். அக்காலத்தில் வெளிநாட்டில் ஆடிய சோவியத் வீரர்களின் வருவாயிற் பெரும்பங்கு அரச விளையாட்டு நிறுவனங்களையே சேர்ந்தது. முழங்கால்கள் தேய்ந்த வயதிற் கிடைத்த ஊதியமும் முழுதாய்க் கைக்கு வருவதில்லை என்பதே நியதி. 1993இல் அமெரிக்காவின் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில், அந்நாட்டவரல்லாத முதற் பெண்ணாக அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

எனினும் புகழ் மண்டபத்தைவிட நம் நெஞ்சைத் தொட்டது அவருடைய பிற்கால வாழ்வு. சோவியத் ஒன்றியம் 1991இற் சிதைந்தபின், ஒருகாலத்தில் பதக்கங்களால் நாட்டை அலங்கரித்தோர் பலர் முதுமையிலும் நோயிலும் ஆதரவின்றி நின்றனர். அத்தகைய முன்னாள் ஒலிம்பிக் வீரர்களுக்கு உதவும் லற்விய நிதியமொன்றின் தலைமையை ஏற்று அவர் பணியாற்றினார். கைதட்டல் ஓய்ந்தபின் வீரருடைய உடலுக்கு என்ன நேரும் என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவர் அவர்.

அண்மையில், மொன்றியல் ஆட்டத்தின் பழைய படச்சுருளைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. இம்முறை உயரத்தை விடுத்து அவர் கைகளைக் கவனித்தோம். பந்து வந்ததும் அதனைக் கீழே இறக்காமல் ஏந்திக்கொள்கிறார். முதுகை முட்டும் எதிராளியைத் தாங்கி நின்று, ஒற்றைக் காலிற் திரும்பி, வளையத்துள் மெல்ல இடுகிறார். பார்வைக்கு எளிது. ஆயிரமாயிரம் மாலைகளின் பயிற்சி அந்த எளிமைக்குள் இருக்கிறது. அந்தக் கூலிக்காரியின் மகள் ஒரு நொடியிற் கண்டுகொண்டதை, ஆசிரியர்களாகிய நாம் காண இத்தனை ஆண்டுகள் சென்றன.