யாருக்காக இந்த அவசரம்?

சாகும் தறுவாயிலிருந்த ஒருவருக்கு நோயில்பூசுதல் வழங்கத் திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு நோக்கி நான்குவழிச் சாலையில் சென்றேன். “இன்னும் வேகமாகப் போ, தம்பி” என்று ஓட்டுநரை ஏவியவன் நானே. ஆடுகளுடன் குறுக்கே வந்த மூதாட்டி மயிரிழையில் தப்பினார்.

2018-இல் மத்திய அரசு இத்தகைய சாலைகளில் கார்களின் உச்ச வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டராகவும், விரைவுச் சாலைகளில் 120 ஆகவும் உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வறிவிக்கையை ரத்துச் செய்தது. சாலையும் வண்டியும் சீர்பட்டுவிட்டன என்பது ஒரு சாரார் வாதம். மனிதக் கண்ணும் காலும் சீர்படவில்லையே! நூறு கிலோமீட்டர் வேகத்தில், தடையை மிதிக்க எண்ணும் ஒரு நொடிக்குள் வண்டி 28 மீட்டர் பாய்ந்துவிடுகிறது.

பின்னர் மெதுவாகவே சென்றோம். நோயாளி எனக்காகக் காத்திருந்தார். ஓர் ஆன்மாவைத் தேடி விரைந்த நான், வழியில் நின்ற இன்னோர் உயிரை மறந்திருந்தேன்.