மழையில் ஒரு வடக்கு டூர்!

அரையாண்டு லீவு விட்டதும் கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்து இறங்கியது. பின்னாலேயே மழையும் வந்து இறங்கியது.

பிள்ளைகள் கையில் ஒரு லிஸ்ட். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம். மூன்றுமே வானம் பார்த்த சமாசாரம். இரண்டு நாள் திருவொற்றியூரில் என் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். மூன்றாம் நாள் ஹாலில் கிரிக்கெட். சுவர்க் கடிகாரம் க்ளீன் போல்ட்!

"இதுங்களை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள் என் மனைவி.

"இங்கேயே சுத்தலாமே" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "உங்க ஏரியாவுல கம்பெனிப் புகையும் கன்டெய்னர் லாரியும் தவிர வேற என்ன மச்சான் இருக்கு?"

அது கூடப் பரவாயில்லை. ஆறாவது படிக்கிற பெரியவன் கேட்டான்: "மாமா, அம்மா ஊரு சென்னைதானே? இது ஏன் சென்னை மாதிரியே இல்லை?"

தங்கச்சியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவள். பெற்ற பிள்ளைகளிடம் கூட 'சென்னை'யோடு நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. திருவொற்றியூர் என்ற பேரே வாயில் வரவில்லை!

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. "எடுங்கடா குடையை!" என்றேன்.

முதலில் தியாகராஜ சுவாமி கோயில். மழை நாளுக்குக் கோயில் பிரகாரத்தை மிஞ்சிய இடம் கிடையாது. மேலே கூரை, காலுக்கு ஈரமான கருங்கல், ஓடிப்பிடித்து விளையாட நீளம். (சின்னவளை மட்டும் ஓடவிடாதீர்கள். கல் வழுக்கும்.) மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் பூராவும் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்றே நாள் கவசமில்லாத தரிசனம். அதுவும் மழைக்காலத்தில்தான் வரும், கவனியுங்கள். பக்கத்திலேயே வடிவுடையம்மன்.

"ஒற்றியூர்னா என்ன மாமா?" என்றாள் சின்னவள்.

பிரளயத்தில் உலகமே மூழ்கியபோது சிவபெருமான் இங்கே வெள்ளத்தை ஒற்றி எடுத்தார், அதனால் ஒற்றியூர் என்று தலபுராணக் கதை சொன்னேன்.

"அப்போ நம்ம தெருத் தண்ணியை ஏன் எடுக்கலை?"

பதில் தெரிந்தவர்கள் எழுதலாம்.

மகிழமரத்தடிக்கு வந்ததும் சுந்தரர் கதை. இந்த ஊர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள 'உன்னைப் பிரிந்து போகமாட்டேன்' என்று சத்தியம் செய்யவேண்டி வந்தது. சுந்தரர் தந்திரமாக, "நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் மகிழமரத்தில் போய் இரும்" என்று சிவபெருமானிடமே ஏற்பாடு செய்துகொண்டார். பெருமான் யார்? "சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கு" என்று சங்கிலியாருக்குச் சொல்லிவிட்டார்! மாட்டிக்கொண்டார் சுந்தரர். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

மாப்பிள்ளை சட்டென்று, "ஓ... இந்த ஊரை விட்டுப் போனா பார்வை போயிடுமா? அதான் உங்க தங்கச்சி கல்யாணமான மறுவருஷமே கண்ணாடி போட்டுக்கிட்டா!" என்றார்.

தங்கச்சி முறைத்தாள். ஆனால் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

கோயிலிலிருந்து தேரடி மெட்ரோ ஸ்டேஷன் பக்கம்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டருக்கு நீட்டித்த இந்தப் பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு மழை நாளில் இதைவிட மலிவான ராட்டினம் கிடையாது! ஏசி உண்டு, நனைய வேண்டாம். ஜன்னலில் தண்ணீர்க் கோடுகள். கிழக்கே மாடி வீடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கடல் எட்டிப் பார்க்கிறது. தண்டையார்பேட்டை வருவதற்குள் ரயில் தடாலென்று பூமிக்குள் இறங்கிவிடுகிறது. மழை காணாமல் போயிற்று! "மாமா, இன்னொரு தடவை!" என்றான் பெரியவன். வண்ணாரப்பேட்டையில் இறங்காமல் இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அங்கிருந்து ஆட்டோவில் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன். வெளியே பார்த்தால் பெரிய தூண்கள் வைத்த பழைய பங்களா மாதிரி இருக்கும். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது. ஜூலை 1-ந்தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1853-ல் பம்பாய்க்கும் தானேவுக்கும் நடுவே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியதே, அந்த இரண்டு ஊரிலும் அன்றைய ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. ஆகவே, நாட்டிலேயே இன்னும் நின்றுகொண்டிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் நம்ம ராயபுரம்தான்!

"சென்ட்ரலை விடப் பழசா?" என்றான் பெரியவன்.

"சென்ட்ரலுக்கு இது அண்ணன்டா. சென்ட்ரல் 1873-லதான் வந்தது."

பையன் தூணைத் தொட்டுப் பார்த்தான். தங்கச்சி, "இந்த வழியாத்தான் தினம் காலேஜுக்குப் போவேன்" என்றாள் மெதுவாக. பிள்ளைகள் அம்மாவைப் புதுசாகப் பார்த்தார்கள்.

ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா என்று ஒன்று. இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டுகிற மழையில் நடந்தது இங்கேதான். கூட்டம் கலையவில்லை. 1967-ல் ஆட்சிக்கே வந்துவிட்டார்கள். "மழையில நனைஞ்சா ஜலதோஷமும் பிடிக்கும், சிலபேர் ஆட்சியும் பிடிப்பாங்க" என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். குடையை மடக்கப் பார்த்தார். தங்கச்சி விடவில்லை.

அடுத்து காசிமேடு. எப்போதும் மீனும் ஐஸும் கூச்சலுமாக இருக்கும் இடம். அன்றைக்கு ஆழ்கடலுக்குப் போகக்கூடாது என்று எச்சரிக்கை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒன்றோடொன்று உரசிக் கிறீச் கிறீச்சென்று சத்தம். தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, மழை பெஞ்சா உங்களுக்கும் லீவா?" என்றாள் சின்னவள்.

அவர் சிரித்தார். "லீவுதாம்மா. ஆனா உங்கப்பாவுக்கு லீவு நாள்லயும் சம்பளம் வரும். எங்களுக்கு வராது."

அதன் பிறகு ஆட்டோவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பசி வந்தது. பீச் ஸ்டேஷன் எதிர்ப்புறத் தெருக்களில் அத்தோ! பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்த பலகாரம். நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, காரப்பொடி எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். மழையில் நின்றபடி குடித்துப் பாருங்கள், தொண்டையில் ஒரு ஹீட்டர் வைத்த மாதிரி இருக்கும். குழந்தைக்குக் காரம் குறைக்கச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு மாப்பிள்ளை அழுதார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறி எண்ணூர் போனோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். பூண்டி ஏரியில் உபரித் தண்ணீர் திறந்தால் இங்கேதான் வந்து விழும். மழைத்தண்ணீரும் உப்புத்தண்ணீரும் கலக்கிற இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும். சில பெண்கள் மார்பளவு தண்ணீரில், வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இமை கொட்டாமல் பார்த்தார்கள்.

பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மாப்பிள்ளை சொன்ன கம்பெனிப் புகை இதுதான். மறைப்பானேன்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய். மீனவர்களே படகில் போய் அள்ளி அள்ளி டிரம்மில் நிரப்பினார்கள். இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். ஊரைக் காட்டுவதென்றால் முழுசாகக் காட்டவேண்டும்.

"அப்புறம் ஏன் இன்னும் இங்கேயே இருக்காங்க?" என்றான் பெரியவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொன்னாள்: "அவங்க ஊருடா இது."

நீங்களும் வரலாம். இரண்டு குடை, மாற்றுத்துணி, ஒரு டவல் போதும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்காதீர்கள். அலை சீறும்போது தூண்டில் வளைவுக் கற்கள் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ரெட் அலர்ட் என்றால் பேசாமல் வீட்டிலேயே கிரிக்கெட் ஆடட்டும். கடிகாரத்தை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்!

போனவாரம் கோயம்புத்தூரிலிருந்து போன். பெரியவன்தான். ஸ்கூலில் விடுமுறை பற்றிக் கட்டுரையாம்.

"மாமா, ஒரு டவுட். அம்மா ஊரு திருவொத்தியூரா, திருவொற்றியூரா?"

"ஏன்டா, அம்மாகிட்டயே கேக்கறதுதானே?"

"அம்மாதான் 'த்தி' போட்டதுக்குத் திட்டினாங்க. நிஜமாவான்னு உங்ககிட்ட செக் பண்றேன்."