தேக்காவுக்கு ஒரு சீட்டு

சிங்கப்பூர்

தொழிலாளர் தங்குவிடுதியில் வாழும் அயல்நாட்டு இளைஞர்கள் கொரோனாக் காலத்தில் வெளியே செல்ல ஒவ்வொரு முறையும் பெறவேண்டியிருந்த அனுமதி, 2022 ஜூன் 24 முதல் நீங்கியது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் நான்கு இடங்களுக்குச் செல்வதற்கு மட்டும் புதிய சீட்டு ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. அந்நான்கனுள் ஒன்று லிட்டில் இந்தியா, அதாவது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து வளவனூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்தவர்கள் 'தேக்கா' என்றே வழங்கும் சிராங்கூன் சாலை வட்டாரம்.

இச்சீட்டின் நடைமுறை சற்று விளக்கத்திற்குரியது. செல்லும் நாளையும் இடத்தையும் குறித்துக் கைப்பேசிச் செயலியில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது; நாளொன்றுக்கு 80,000 பேருக்கு மேல் சீட்டு வழங்கப்படவில்லை. வார நாளில் அதே தெருவுக்குச் செல்லச் சீட்டுத் தேவைப்படவில்லை என்றாலும், வார நாளில் கட்டுமானத் தொழிலாளிக்கு ஓய்வு ஏது? அதே ஞாயிறன்று அங்குள்ள கோயிலில் வீரமாகாளியம்மனைத் தொழ வந்த அடுக்குமாடிவாசியிடம் மட்டும் எவரும் சீட்டுக் கேட்கவில்லை.

இவ்வேறுபாட்டின் வேர் 2020 ஏப்ரலில் உள்ளது. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியின் பெயரால் 'சர்க்கிட் பிரேக்கர்' எனப்பட்ட முடக்கம் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடெங்கும் நீடித்தது; விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேருக்கோ அது பெயர் மாறிப் பெயர் மாறித் தொடர்ந்தது. ஓர் அறையில் பன்னிருவர் முதல் இருபதின்மர் வரை அடுக்குக் கட்டில்களில் உறங்கிய இடத்தில் இடைவெளி விடுவது எங்ஙனம்? அவ்வாண்டு டிசம்பருக்குள் அவர்களுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். உயிரிழப்புகள் மிகச் சிலவே என்பதும் சொல்லப்படவேண்டியதே.

முடக்கத்தில் 'ஓ.டி.' எனப்படும் கூடுதல் நேர ஊதியம் நின்றது; ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் வாங்கிய கடனின் வட்டி நிற்கவில்லை. கட்டிலைச் சுற்றிக் கைலியைத் திரையாகக் கட்டி, ஊரில் தாய் வேலை முடித்து அமரும் இரவு எட்டு மணிக்கு, இங்கே பத்தரை மணிக்கு, அறையில் உறங்குவோர் விழிக்காதவாறு போர்வைக்குள் தாழ்ந்த குரலில் பேசுவதே பலருக்கு அன்றாட ஆறுதலாயிற்று. பொட்டலச் சோறு நாவுக்கு ஒவ்வாதபோதும், சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு மீன் குழம்பு என்றே விடை சென்றது.

ஊரிலும் துயர் குறைவன்று. சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியோரால் விழுப்புரம் மாவட்டத்தில் தொற்று பரவியது, மாவட்டம் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது. எனினும் வாசலில் வேப்பமர நிழலும், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து நலம் கேட்கும் குரலும் எந்த ஊரடங்கிலும் அடங்கியதில்லை. அந்த இ-பாஸும் ஒரு தொழிலாருக்கு மட்டும் என விதிக்கப்பட்டதன்று. மாநிலத்திற்குள் அது 2020 ஆகஸ்டு இறுதியில் விலக்கவும்பட்டது. வளவனூரிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் டிக்கெட் அன்றி வேறு சீட்டு அறியாது வளர்ந்த பிள்ளைகளே இங்கு ஈராண்டு அடைபட்டும், தங்கையின் திருமணத்திற்கும் வீட்டின் தளத்திற்கும் பணம் அனுப்பத் தவறாதிருந்தனர்.

சீட்டுக் கிடைத்த ஞாயிறன்று இவர்கள் தேக்காவில் பெற்றது பெரிதொன்றுமில்லை: இலைபோட்ட சாப்பாடு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, பக்கத்து ஊர்க்காரன் ஒருவனோடு நடைபாதையில் நின்றபடி அரை மணிப் பேச்சு. முதலிரண்டையும் விடுதிக்கே கொண்டுவந்து கொடுத்துவிட இயன்றிருக்கும். மூன்றாவதற்குத்தான் இவர்கள் விண்ணப்பித்தார்கள்.