எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ் எது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வந்து, காப்பி ஒண்ணு கலக்கிக்கிட்டு படிங்க.

ஆடித் திருவிழா படங்களை நம்ம பக்கத்துல போட்டதுல இருந்து ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டுட்டீங்க. "அண்ணே, நீங்க என்ன லென்ஸ் பாவிக்கிறீங்க? எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ் வாங்கணும்னா எதை வாங்கலாம்?" புதுசா சேர்ந்திருக்கிற தொண்டூழியர் தம்பிங்க ரெண்டு பேர் கேமரா வாங்கப் போறாங்க, அவங்களும் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா வாட்சப்ல பதில் போட முடியலை. அதனால இங்கேயே எழுதிடறேன். ஆனா இந்தப் பதிலைச் சொல்லணும்னா ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்லணும். அது என் தப்பு.

முதல்ல ஒண்ணு. நான் படம் பிடிக்கப் படிச்சவன் இல்லை. எஸ்.பி.எம். முடிச்சேன், மேருவுல ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில ஆப்பரேட்டரா சேர்ந்து இப்போ சூப்பர்வைசர். கேமரா, மகன் புதுசு வாங்கினப்போ எனக்குக் குடுத்த பழைய கேனன் 700டி. கூட வந்தது 18-55 லென்ஸ். கோயில்ல படம் பிடிக்க ஆரம்பிச்சதும் அதுலதான்.

அந்த லென்ஸ் மோசம் இல்லை. வெளியில, வெயில்ல, தேர், கொடிமரம், அன்னதான வரிசை எல்லாம் நல்லா வரும். பிரச்சினை உள்ளே வந்தா. நம்ம கோயில்ல மூலவரைப் படம் எடுக்கக் கூடாது, அது தெரிஞ்சதுதான். உற்சவருக்கு தீபாராதனை காட்டும்போது எடுக்கலாம், ஆனா ஃபிளாஷ் போடக் கூடாது. குருக்கள் கண்ணுல அடிச்சா கையில இருக்கிற தட்டு என்ன ஆகும்? 55-ல வச்சா அந்த லென்ஸோட வாய் 5.6-க்கு மேல திறக்காது. ஐ.எஸ்.ஓ. 3200 வச்சாலும் செகண்டுல 30-ல ஒரு பங்குதான் ஷட்டர் கிடைக்கும். தீபம் சுத்துற கை அந்த நேரத்துல நிக்குமா? எல்லாம் மஞ்சள் கோடு. நான் அந்தக் காலத்துல போட்ட படங்களைப் பார்த்தா குருக்களுக்கு நாலு கை இருக்கும்.

(எண் குழப்பமா இருந்தா இப்படி வச்சுக்குங்க: எண் சின்னதா இருந்தா வாய் பெருசு. 5.6-ல இருந்து 2.8-க்கு வந்தா நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1.8-க்கு வந்தா ஏறக்குறைய பத்து மடங்கு.)

இந்த நேரத்துலதான் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு நண்பர் ஒரு விஷயம் சொன்னார். விவேகானந்தா ஆசிரமம் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். ஹென்றி கார்த்தியே-பிரசோன்னு பிரான்ஸ் நாட்டுக்காரர், உலகப் புகழ்பெற்ற படக்காரர். 1950 ஏப்ரல்ல பகவான் ரமணரோட கடைசி நாட்கள்ல திருவண்ணாமலை ஆசிரமத்துல இருந்திருக்கார். பகவானைப் படம் எடுத்திருக்கார். ஏப்ரல் 14 ராத்திரி பகவான் சமாதி ஆனப்போ வானத்துல ஒரு ஒளி போனதை இவரும் பார்த்ததா சொல்லியிருக்கார். அந்த மனுஷன் வாழ்நாள்ல பெரும்பாலும் பாவிச்சது ஒரு சின்ன லைக்கா கேமரா, ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ். ஜூம் கிடையாது. கிட்ட வேணும்னா நடந்து போகணும்.

நான் அடுத்த ஞாயித்துக்கிழமையே புடு பிளாசாவுக்கு ஓடி 50 எம்.எம். 1.8 வாங்கிட்டேன். கடைக்காரர் மேல தப்பில்லை. "அண்ணே, உங்க கேமராவுக்கு இது கொஞ்சம் கிட்டக் காட்டும்"னு சொன்னார். நான்தான் ரமணர் நினைப்புல இருந்தேன்.

கிட்டக் காட்டும்னா என்னன்னு மண்டபத்துல வந்துதான் புரிஞ்சது. நம்ம மாதிரி கேமராவுல சென்சார் சின்னது. அதனால கேனன்ல 1.6-ஆல பெருக்கணும். 50 போட்டா பழைய ஃபிலிம் கேமராவுல 80 மாதிரி காட்டும். ஒரு ஆள் முகத்துக்கு அருமை. திருமாங்கல்யம் கட்டும்போது மாப்பிள்ளை, பொண்ணு, அப்பா, அம்மா, நாதஸ்வரக்காரர் எல்லாரும் வேணும்னா பின்னால பின்னால போய்க்கிட்டே இருக்கணும். ஒரு கல்யாணத்துல அப்படிப் போய் தூண்ல இடிச்சு, பக்கத்துல இருந்த குத்துவிளக்கைச் சாய்ச்சுட்டேன். நல்ல வேளை, ஏத்தலை. ஆனா தீபாராதனை மட்டும் தெளிவா வந்தது. குருக்களுக்கு ரெண்டு கைதான்.

அப்புறம் ஆசை விடலை. ஊர்வலத்துக்குன்னு 55-250 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். கூட்டத்துக்கு நடுவுல லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டதுல விபூதி, மஞ்சத்தூள் எல்லாம் சென்சார்ல போய் உட்கார்ந்தது. ஒரு மாசத்துப் படம் முழுக்க வானத்துல கறுப்புப் புள்ளி. சுத்தம் பண்ணக் கூலி குடுத்தேன், அம்மன் பிரசாதத்தைக் காசு குடுத்துத் துடைச்ச பாவி நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

இப்போ அந்தத் தப்புக்கு வரேன்.

சில வருஷத்துக்கு முந்தின ஆடித் திருவிழா. பால்குட ஊர்வலம். நான் எதிர்ப்பக்கக் கடைவீட்டுப் படிக்கட்டு மேல ஏறி நின்னுக்கிட்டு 250-ல வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு அக்காவுக்கு அருள் வந்துட்டுது. முடி அவிழ்ந்து, நாக்கு வெளியே வந்து, கண் மேல போய், சேலை கொஞ்சம் விலகி. நான் வரிசையா எடுத்தேன். நல்ல வெளிச்சம், பின்னால கூட்டம் எல்லாம் மங்கி, முகம் மட்டும் துல்லியமா. என் வாழ்க்கையிலேயே நல்ல படம் இதுதான்னு நினைச்சேன். ராத்திரியே பக்கத்துல போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

காலையில ஃபேக்டரியில ஷிப்ட் மாத்துற நேரம். போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எவனோ அந்தப் படத்தை எடுத்து வேற பக்கத்துல போட்டு, கீழே எழுதக் கூடாததெல்லாம் எழுதியிருக்காங்க. பேய், பைத்தியம், நடிப்பு. நம்ம ஆளுங்களே சிரிப்பு முகம் போட்டிருக்காங்க. நான் உடனே எடுத்துட்டேன். எடுத்து என்ன பிரயோஜனம்? நூறு பேர் கையில போயாச்சு.

சாயந்தரம் அந்த அக்காவோட மகன் கோயிலுக்கு வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூணு வயசு இருக்கும். சண்டைக்கு வந்திருக்கான்னு நினைச்சேன். "அங்கிள், அம்மா எனக்காகத்தான் வேண்டிக்கிட்டாங்க. எனக்கு மோட்டார் ஆக்சிடென்ட் ஆனது உங்களுக்குத் தெரியும்தானே? இனிமே கோயிலுக்கே வரலைங்கறாங்க"ன்னு மட்டும் சொன்னான். கத்தியிருந்தா தாங்கியிருப்பேன்.

மறுநாள் என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். பழம், வெத்திலை வாங்கிட்டுப் போனோம், அதைக் குடுக்கவே கூச்சமா இருந்தது. அந்த அக்கா கதவுக்குப் பின்னால நின்னு பேசினாங்க. மன்னிப்புக் கேட்டேன். அவங்க சொன்னது இதுதான்: "அண்ணே, நீங்க எங்கே நின்னீங்கன்னே எங்களுக்குத் தெரியலை. பக்கத்துல நின்னிருந்தா என் மக பார்த்திருப்பா. சேலையைச் சரி பண்ணியிருப்பா. வேணாம்னு கை காட்டியிருப்பா."

வீட்டுக்கு வந்ததும் 250-ஐக் கழட்டி டிரை பாக்ஸ்ல வச்சேன். அதுக்கப்புறம் ஊர்வலத்துக்கு அதை எடுக்கலை.

லென்ஸ் என்ன பண்ணும், தப்புப் பண்ணினது நீதானேன்னு என் மச்சான் கேட்டான். சரிதான். ஆனா ஃபேக்டரியில நான் பார்த்திருக்கேன். மெஷின்ல கை போகாதபடி கம்பி போட்டா கை போகாது. கம்பியைக் கழட்டிட்டு "கவனமா இருங்க"ன்னு போர்டு எழுதி மாட்டினா ஒரு நாள் கை போகும். எனக்கு என் மேல போர்டு மாட்டத் தெரியும், கம்பி போடணும்னு தோணிச்சு.

அந்தக் கம்பி கேனன் 24 எம்.எம். 2.8. இதுதான் உங்க கேள்விக்குப் பதில். 125 கிராம்தான், பிஸ்கட் மாதிரி தட்டையா இருக்கும். 1.6-ஆல பெருக்கினா 38 மாதிரி காட்டும், கண்ணு சாதாரணமாப் பாக்கிற அளவுக்குக் கொஞ்சம் அகலம். மண்டபத்துல பின்னால போகவேண்டியதில்லை, தூண் தப்பிச்சது. 16 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம், அதனால கோலம், பூக்கட்டுற கை, அபிஷேகத்துக்கு வச்சிருக்கிற சாமான் எல்லாம் எடுக்கலாம். முன்னே 30-ல ஒரு பங்கா இருந்த ஷட்டர் இப்போ 2.8-ல 125-ல ஒரு பங்குக்கு வந்துடும், தீபம் நிக்கும். முக்கியமா, ஒருத்தர் முகத்தை எடுக்கணும்னா நான் ரெண்டு கை தூரத்துல போய் நிக்கணும். அவங்க என்னைப் பார்ப்பாங்க. நான் தலையை ஆட்டிக் கேட்பேன். வேணாம்னா கேமராவை இறக்கிடுவேன்.

நட்டமும் இருக்கு, மறைக்கலை. கோபுரக் கலசத்துல தண்ணி ஊத்துறதைக் கீழே இருந்து இதுல எடுக்க முடியாது, எறும்பு மாதிரி தெரியும். பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் போனா 272 படியும் கூட்டமும் அழகா வரும், மேல ஏறிப் போறவர் காவடியோட முகம் வராது. விட்டுடறேன்.

தம்பிங்க ரெண்டு பேரும் 18-400 மாதிரி ஒரே லென்ஸ்ல எல்லாம் வேணும்னு கேட்டாங்க. வெளியூர் சுத்திப் பார்க்கப் போறவங்களுக்கு அது சரி. ஆனா தூரத்துக் கடைசியில அதோட வாய் 6.3, நம்ம கோயில் உள்ளே இருட்டுல மறுபடியும் நாலு கைதான். கையில காசு இருந்தா 17-50 2.8 ஜூம் ஒண்ணு வாங்குங்க, டாம்ரான், சிக்மா ரெண்டுலயும் பழசு கிடைக்கும். கல்யாணம் அதிகம் எடுக்கிறவங்களுக்கு அது நல்லது. காசு இல்லைன்னா 24 போதும். புதுசு வாங்க நிர்வாகத்துக்கிட்ட பணம் கேட்கவேணாம், உண்டியல் காசுக்கு வேற வேலை இருக்கு.

எதை வாங்கினாலும் கிள்ளான் ஈரத்துக்கு டிரை பாக்ஸ் ஒண்ணு கட்டாயம். என் 50 எம்.எம்.மை அலமாரியில துணிக்கு நடுவுல வச்சிருந்தேன், உள்ளே பூஞ்சை பிடிச்சு சிலந்தி வலை மாதிரி ஆயிடுச்சு. ஈரம் 40-ல இருந்து 50-க்குள்ள வச்சிருங்க.

அந்த அக்கா அடுத்த வருஷம் வரலை. அதுக்கடுத்த வருஷம் அன்னதான சமையல்கட்டுல காய் நறுக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் கேமராவைத் துண்டுல சுத்தி மேசை மேல வச்சுட்டு, பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சேன். படம் எதுவும் எடுக்கலை. "மகன் எப்படி?"ன்னு கேட்டேன். "வேலைக்குப் போறான்"னாங்க. இந்த வருஷமும் வந்திருந்தாங்க. பால்குடம் எடுத்தாங்களான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. அதை நான் சொல்லமாட்டேன்.

55-250 விக்கிறதுக்கு இருக்கு. கண்ணாடி சுத்தம், பின் மூடி தொலைஞ்சு போச்சு. குருவி படம் பிடிக்கிறவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க.